குழந்தைக்குத் தடிமன்: மருந்துப் போத்தலைத் திறக்குமுன்

மாரிமழை தொடங்கிவிட்டால், சின்னஞ்சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் தடிமனும் இருமலும் கேளாமலே வந்து குடிபுகுகின்றன. மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவருகிறது. இரண்டு நாளில் இளையதற்கு மூக்கு ஒழுகுகிறது. மூன்றாம் நாள் உடம்பு சுடுகிறது. நடுச்சாமத்திற் குழந்தை இருமி இருமி அழும்போது, தாயின் கை தானாகவே அலுமாரித் தட்டை நாடுகிறது. சென்ற முறை மிஞ்சிய பாணி மருந்து அங்கே இருக்கிறது. மூத்தவனுக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தில் அரைப் போத்தல் இருக்கிறது. பெரியவர்களின் குளிசைகளும் இருக்கின்றன. "இதிற் சிறிது கொடுத்தால் என்ன?" என்பதே எமக்கு வரும் கடிதங்களிற் பல கேட்கும் வினா.

சில நேரங்களில் ஒன்றும் நேர்வதில்லை. சில நேரங்களில் குழந்தையின் உயிருக்கே இடர் நேர்கிறது. எது எப்போது நேரும் என்பதைப் போத்தலைப் பார்த்து அறிய முடியாது. ஆகவே சுவாச நோயுற்ற குழந்தைக்கு மருந்து எவ்வாறு அளவிடப்படுகிறது, எவை கொடுக்கத்தக்கன, எவை தகாதன என்பவற்றை இவ்வாரம் சற்று விரிவாக ஆராய்வோம். வைத்தியத் தொழிலை நாடும் மாணவருக்கும் இதிற் சில கணக்குகள் பயன்படும்.

தடிமன் என்பது யாது?

குழந்தைகளுக்கு வரும் தடிமனும் இருமலும் பெரும்பாலும் வைரசுக் கிருமிகளால் உண்டாவன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு ஆறு, எட்டு முறை தடிமன் பிடிப்பது வழக்கத்துக்கு மாறானதன்று. மூக்கொழுகல் ஒரு வாரத்தில் அடங்கும். இருமல் இரண்டு மூன்று வாரங்கள்கூட நீளும். உடல் தானே போராடி அந்நோயை வெல்கிறது. அதன் காலத்தைக் குறைக்கவல்ல மருந்து எதுவும் இல்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டால் "கிருமி முற்றிவிட்டது" என்று பலர் அஞ்சுகின்றனர். சாதாரணத் தடிமனிலும் சில நாட்களில் அந்நிறம் தோன்றும். நிறத்தைக் கொண்டு மட்டும் மருந்தை முடிவு செய்தல் தவறு.

இதை உணர்ந்த வைத்தியர் சில வேளைகளில் ஒரு மருந்தும் எழுதாமல், "தாய்ப்பால் கொடுங்கள், கவனித்துக்கொள்ளுங்கள், இன்ன குறி கண்டால் திரும்பக் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவார். உடனே சிலர், "இவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று வேறொரு வைத்தியரிடம் ஓடுகின்றனர். மருந்து எழுதாமல் அனுப்பும் வைத்தியரும் வைத்தியமே செய்திருக்கிறார் என்பதைப் பெற்றோர் மனத்திற் பதித்தல் வேண்டும்.

வயதன்று, நிறையே அளவுகோல்

குழந்தையைப் பெரியவரின் சிற்றுருவம் என்று எண்ணி, "பெரியவருக்கு ஒரு குளிசை என்றால் பிள்ளைக்குக் கால் குளிசை" எனக் கணக்கிடுவது பேதைமை. குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் வன்மையை மெல்ல மெல்லவே பெறுகின்றன. பிறந்து சில வாரங்களான சிசுவில் அவ்வன்மை மிகக் குறைவு. ஆகவே குழந்தை மருந்துகளிற் பெரும்பாலானவை உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை மில்லிகிராம் என்றே அளவிடப்படுகின்றன. ஒரே வயதுடைய இரு பிள்ளைகளில் ஒன்று 9 கிலோவாகவும் மற்றது 13 கிலோவாகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே அளவு பொருந்தாது. கிளினிக்கில் நிறை பார்த்து எழுதித்தரும் புத்தகத்தை வைத்தியரிடம் செல்லும்போதெல்லாம் கையோடு கொண்டுசெல்ல வேண்டுவது இதன் பொருட்டே.

ஒரு சிறு கணக்கு

காய்ச்சலுக்கு நாம் எல்லோரும் அறிந்த மருந்து பரசிற்றமோல். பனடோல் என்ற பெயராலேயே பலர் அதனை அறிவர். குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ நிறைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். ஒரு வேளைக்கும் மறு வேளைக்குமிடையே நான்கு முதல் ஆறு மணி நேரம் செல்லவேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேற்படலாகாது.

10 கிலோ நிறையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு வேளை அளவு 100 முதல் 150 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி மருந்தில், 5 மில்லிலீற்றர் கொடுத்தால் அளவு சரியாகிறது. ஆனால் அதே வீட்டில் 20 கிலோ நிறையுள்ள மூத்த பிள்ளைக்கு வாங்கிய போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் இருக்கலாம். அது அவனுக்குச் சரியான அளவு. அதையே எடுத்து இளையதற்கு அதே 5 மில்லிலீற்றர் கொடுத்தால், கிலோவுக்கு 25 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. நான்கு வேளை கொடுத்தால் ஒரு நாளில் 1000 மில்லிகிராம். அக்குழந்தைக்கு ஒரு நாளின் உச்ச எல்லையோ 600 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கென விற்கப்படும் துளி மருந்து சிலவற்றில் ஒரே மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் செறிந்திருக்கும். அதிற் 5 மில்லிலீற்றர் கொடுப்பது 500 மில்லிகிராமை ஒரே வேளையிற் கொடுப்பதாகும்.

நிறத்தாலும் சுவையாலும் இம்மூன்று போத்தல்களையும் வேறு பிரித்தறிதல் கடினம். கொடுத்த தாயும் "ஒரு கரண்டிதானே கொடுத்தேன்" என்றே சொல்லுவாள். பரசிற்றமோல் அளவுக்கு மிஞ்சினால் ஈரலைத் தாக்குகிறது. அதிலும் காய்ச்சலால் இரண்டு மூன்று நாள் சரியாக உண்ணாத குழந்தையிடம் இவ்விடர் பெரிது. முதல் நாளிற் பெரும்பாலும் ஒரு குறியும் தோன்றாது. குழந்தை நலமாகவே காணப்படும். ஆதலால் அளவு தவறிவிட்டது என்று தெரிந்தால், குறிகளுக்காகக் காத்திராமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். காலந் தாழ்த்தாமற் சென்றால் மாற்று மருந்து உண்டு. பயந்து மறைப்பதினாற் குழந்தைக்கே தீங்கு.

வீட்டுத் தேக்கரண்டியை நம்பவேண்டாம். ஒரு கரண்டி 3 மில்லிலீற்றர் கொள்ளும். மற்றொன்று 7 கொள்ளும். மருந்தோடு வரும் அளவுக் கிண்ணத்தையோ, ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துக. கன்னத்தின் உட்புறமாக மெல்ல மெல்லச் செலுத்தினால் குழந்தை புரையேறாமல் விழுங்கும். பாற்போத்தலிற் கலந்து கொடுப்பது நல்ல வழியன்று. குழந்தை பாலை மிச்சம் விட்டால் எவ்வளவு மருந்து உள்ளே சென்றது என்பதை யாரும் சொல்ல முடியாது.

மற்றொரு பொறியும் உண்டு. ஒரே மருந்து பல பெயர்களில் விற்கப்படுகிறது. வைத்தியசாலையிற் கொடுத்தது பரசிற்றமோல். கடையில் வாங்கியது வேறு பெயர். தடிமனுக்கென்று வாங்கிய கலவை மருந்திலும் அதே பரசிற்றமோல். மூன்றையும் கொடுக்கும் தாய், மூன்று மருந்து கொடுப்பதாக எண்ணி ஒன்றையே மும்மடங்காகக் கொடுக்கிறாள்.

தள்ளிவைக்க வேண்டியவை

அஸ்பிரின்: காய்ச்சலுக்குப் பழைய வீடுகளில் தாராளமாகக் கொடுக்கப்பட்ட மருந்து இது. மூளையையும் ஈரலையும் ஒருங்கே தாக்கும் கொடிய நோயொன்றை 1963இல் அவுஸ்திரேலிய வைத்தியர் டக்ளஸ் ரேய் விவரித்தார். வைரசுக் காய்ச்சலின்போது அஸ்பிரின் உண்ட பிள்ளைகளிடம் அந்நோய் மிகுதியாகக் காணப்படுவது பின்னர் தெரியவந்தது. பிரித்தானியா 1986இல் 12 வயதுக்குட்பட்டோருக்கும், 2002இல் 16 வயதுக்குட்பட்டோருக்கும் அதனை விலக்கியது. வைத்தியர் தனிக் காரணத்துக்காகக் கொடுத்தாலன்றிப் பிள்ளைகளுக்கு அது ஆகாது.

இபுபுறோபென், டைக்குளோபினக், மெபனமிக் அமிலம்: எமது நாட்டில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம் என்பதை மறத்தலாகாது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். இம்மருந்துகள் டெங்குவில் இரத்தக் கசிவைத் தூண்டக்கூடியவை. "பனடோலுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை" என்று சொல்லி இவற்றை, குதவழியாக வைக்கும் மருந்தாகவேனும், தாமாகக் கொடுத்தல் பெருந்தவறு. இருமல் உடனிருப்பதால் டெங்கு இல்லை என்றும் கொள்ள முடியாது. காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும்.

கோடீன் கலந்த இருமல் மருந்து: கோடீன் உடலிற் சென்று மோர்பீனாக மாறுகிறது. சில பிள்ளைகளின் ஈரல் அதனை மிக விரைவாக மாற்றிவிடுவதால் மூச்சே தளர்ந்து போகலாம். 12 வயதுக்குட்பட்டோரின் இருமலுக்கு இதனை 2015இல் ஐரோப்பிய நாடுகளும் 2017இல் அமெரிக்காவும் விலக்கிவிட்டன.

தடிமன், இருமற் பாணி மருந்துகள்: இவை சிறு குழந்தைகளுக்கு நன்மை செய்வதாக நிறுவப்படவில்லை, தீமை செய்தமைக்குச் சான்றுண்டு. 2 வயதுக்குட்பட்டோருக்கு இவற்றைக் கொடுக்கவேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் அறிவித்தது. பிரித்தானியா 2009இல் 6 வயதுக்குட்பட்டோருக்கே வேண்டாம் என்றது. தூக்கத்தைத் தரும் மருந்தைக் கொடுத்ததும் குழந்தை அயர்ந்து உறங்குகிறது. வீட்டாரும் சுகமாகிவிட்டது என்று மகிழ்கின்றனர். நோய் அப்படியே இருக்கிறது. மூச்சு மோசமாவதைக் காட்டும் அழுகையும் அமைதியின்மையுமே அடக்கப்பட்டுவிடுகின்றன.

கற்பூரம் சேர்ந்த தைலங்கள்: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மூக்கருகிலோ இவற்றைத் தடவலாகாது. கற்பூரம் வாயினுட் சென்றால் வலிப்பு உண்டாகும். பெரியவர்களின் மூக்கடைப்புத் துளி மருந்தும் சிசுவுக்கு ஆகாது.

இனிப்பில் ஒளிந்த நஞ்சு

பாணி மருந்தைப் பற்றி வேறோர் எச்சரிக்கையும் உண்டு. மருந்தைக் கரைத்து இனிப்பாக்கக் கிளிசரின் போன்ற திரவங்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுக்குப் பதிலாகவோ கலப்படமாகவோ தை எதிலீன் கிளைக்கோல் என்ற தொழிற்சாலைத் திரவம் புகுந்துவிடின், அது சிறுநீரகத்தை அழிக்கிறது. அதற்கும் இனிப்புச் சுவையே உண்டு, நிறமில்லை. 1937இல் அமெரிக்காவில் இவ்வாறு தயாரிக்கப்பட்ட ஒரு மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாகவே, புதிய மருந்தை விற்குமுன் அதன் பாதுகாப்பை நிறுவவேண்டும் என்ற சட்டம் அங்கே 1938இற் பிறந்தது. அத்தனை ஆண்டுகள் கடந்தும் அத்துயரம் ஓயவில்லை. 2022இல் ஆபிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளும், அதே ஆண்டில் இந்தோனேசியாவில் மிகப் பல குழந்தைகளும் கலப்படப் பாணி மருந்தால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்களிற் பலர் இருமலும் காய்ச்சலுமாக மருந்துண்ட சிறு பிள்ளைகளே.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடங்கள் இரண்டு. தேவையற்ற பாணி மருந்தை வாங்காதிருத்தல் ஒன்று. வாங்கவேண்டிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்துக்கடையில், மூடி உடையாத போத்தலில், திகதி பார்த்து வாங்குதல் மற்றொன்று. மருந்துண்ட குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ ஒரு நாழிகையும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுக.

நுண்ணுயிர்கொல்லி எப்போது?

பெனிசிலினும் அதன் வழிவந்த மருந்துகளும் பற்றீரியாவைக் கொல்லும். வைரசை ஒன்றும் செய்யா. ஆகவே சாதாரணத் தடிமனுக்கு அவை வீண். வீண் மட்டுமன்று, வயிற்றோட்டம், தோற்கடி, சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமை ஆகியவற்றையும் தரும். ஆனால் பற்றீரியாவால் நியூமோனியாக் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு அதே மருந்துதான் உயிர் காக்கிறது. அங்கே தயங்குதலும் தாமதித்தலுமே கேடு. இவ்விரண்டையும் பிரித்தறிவது வைத்தியரின் கடமை. மருந்துக்கடைக்காரரின் கடமையன்று, அயல்வீட்டாரின் கடமையுமன்று.

அமொக்சிசிலின் போன்றவை தூளாகப் போத்தலில் வரும். கொதித்தாறிய நீரைக் குறித்த கோடுவரை விட்டு நன்றாகக் குலுக்கிக் கரைக்கவேண்டும். நீர் குறைந்தால் மருந்து மிகும். நீர் மிகுந்தால் மருந்து குறையும். ஒவ்வொரு முறையும் குலுக்கியே கொடுத்தல் வேண்டும். இன்றேல் முதல் நாட்களில் தெளிவும் கடைசி நாட்களில் வண்டலும் குழந்தைக்குக் கிடைக்கும். கரைத்த மருந்து போத்தலிற் குறிக்கப்பட்ட சில நாட்களுக்கே பயன்தரும். ஆதலின் மூத்தவனுக்கு வாங்கி மிஞ்சிய அரைப் போத்தல், அளவாலும் காலத்தாலும் இளையதற்கு உதவாதது. அதனை இன்றே அகற்றிவிடுக.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது எம்மவர் பழமொழி. விருந்துக்கு அது பொருந்தட்டும். மருந்தோ வைத்தியர் குறித்த நாள்வரை கொடுக்கப்படவேண்டும். கூட்டலும் குறைத்தலும் கூடா. பெனிசிலினை 1928இற் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் அதனை உண்போர் தம் உடலிலுள்ள கிருமிகளை மருந்துக்கு மசியாதவையாகப் பழக்கிவிடுவர் என்று எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை இன்று உலகெங்கும் மெய்ப்பட்டு வருகிறது.

மூச்சிழுப்பும் "பம்" மருந்தும்

சில பிள்ளைகளுக்குத் தடிமனோடு மூச்சிழுப்பும் காண்கிறது. அதற்கு வைத்தியர் பெட்டி போன்ற ஓர் இடைக்குழலுடன் மூச்சால் உள்ளிழுக்கும் மருந்தை எழுதினால், "பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும்" என்று பாட்டிமார் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் ஆதாரமற்றது. குடிக்கும் சல்பியூட்டமோல் உடல் முழுவதும் பரவிக் கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் உண்டாக்கும். உள்ளிழுக்கும் மருந்தோ மிகச் சிறிய அளவில் நேரே சுவாசக் குழாய்களை அடைகிறது.

மருந்துத் துண்டை வாசியுங்கள்

குழந்தைக்கு எழுதப்படும் மருந்துத் துண்டில் குழந்தையின் பெயர், வயது, நிறை, மருந்தின் பொதுப்பெயர், 5 மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்ற செறிவு, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலீற்றர், நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்பன விளங்கவேண்டும். விளங்காதவிடத்துக் கேளுங்கள். "டொக்டர், இது எதற்கு? எவ்வளவு? எத்தனை நாள்? எந்தக் குறி கண்டால் திரும்ப வரவேண்டும்?" என்ற நான்கு வினாக்களைப் பணிவோடு கேட்பது மரியாதைக் குறைவன்று. முன்னர் எந்த மருந்தாவது ஒவ்வாதிருந்தால், கேளாமலே சொல்லவேண்டும். வீட்டிற் கொடுத்த கைமருந்தையும் ஆயுள்வேத மருந்தையும் ஒளியாது சொல்லவேண்டும்.

பொதுப்பெயர் என்றதும் இந்நாட்டவர் ஒருவரை நினைவுகூர்தல் தகும். மருந்துகளை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் வழங்கவேண்டும் என்று பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் முயற்சியின் பயனே. வளர்முக நாடுகள் பல அவர் கொள்கையைப் பின்பற்றின. போத்தலின் பெரிய எழுத்தை விட்டு, அதன் கீழுள்ள சிறிய எழுத்தைப் படிக்கும் பழக்கம் ஒரு தாய்க்கு வந்துவிட்டால், அவர் உழைப்பு அவ்வீட்டிலும் பயன் தந்ததாகும்.

மூச்சை எண்ணுங்கள்

வெப்பமானியிலும் மேலான ஒரு கருவி எல்லா வீட்டிலும் உண்டு, அது மணிக்கூடு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை உயர்த்தி நெஞ்சையும் வயிற்றையும் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது விரைந்த மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை. அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதல், உதடு நீலித்தல், பாலோ நீரோ குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் சத்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு, அமைதியாக இருக்கும்போதும் மூச்சிற் கேட்கும் கரகரப்பொலி என்பவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்றும் மழையென்றும் பாராமல் வைத்தியசாலையை நாடவேண்டும். வாகனம் இல்லையெனில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வரும். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால், வேறு குறி இல்லாவிடினும், அதுவே போதிய காரணம்.

வீட்டிற் செய்யத்தக்கவை

ஆறு மாதம்வரை தாய்ப்பாலே உணவும் மருந்தும் ஆகும். தடிமனென்று அதை நிறுத்துவது கொடுமை. சிறிது சிறிதாகப் பல முறை கொடுக்கவேண்டும். பால் கொடுக்குமுன் மூக்கில் உப்புநீர்த் துளி இரண்டு விட்டுத் துடைத்தால் குழந்தை இளைப்பின்றிக் குடிக்கும். ஒரு வயது கடந்த பிள்ளையின் இருமலுக்குச் சிறிது தேன் இதமளிக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ தேன் நாவிலும் படலாகாது; கொடிய வாத நோயைத் தரும் கிருமியின் வித்துக்கள் அதில் இருக்கலாம். வளர்ந்த பிள்ளைக்கு இளஞ்சூடான கொத்தமல்லி நீர் கொடுப்பதில் தடையில்லை. சுடுநீர்ப் பானையின் முன் இருத்தி வேது பிடித்தல் வேண்டாம். வெந்நீர் கொட்டி வெந்த பிள்ளைகள் பலர். அடுப்புப் புகையும் சுருட்டுப் புகையும் குழந்தை இருக்கும் அறையை எட்டலாகாது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று எல்லோரும் சொல்வோம். அந்த அளவு எது என்பதை ஒவ்வொரு தாயும் தந்தையும் தம் குழந்தையின் நிறையைக்கொண்டு கேட்டறிந்து, ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தல் நன்று. நடுச்சாமத்தில் நித்திரைக் கண்ணோடு போத்தலைத் தேடும் கைக்கு அந்தத் தாள் வழிகாட்டும்.

அடுத்த வாரம், வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு உப்பும் சீனியும் சேர்ந்த நீர் உயிர்காக்கும் வகையை ஆராய்வோம்.